கொக்கி தைக்கும் முக்காலி

பிப்ரவரி 9

என் அன்பு அக்காவுக்கு,

தேவகிருபையால் சுகமாக வந்து சேர்ந்தேன். நீயும் அம்மாவும் சுகமா? அம்மாவின் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிடு. கேட்டால் வேண்டாம் என்பாள். கேட்காமல் பிடித்து உட்கார வைத்துவிடு.

நம் சபை வெளிநாட்டுக்கு அனுப்பிய ஊழியர் வீடு என்றதும், மரங்களுக்கு நடுவே ஒரு வெள்ளை வீட்டை மனதில் கட்டி வைத்திருந்தேன். இங்கே இருப்பது ஒரு சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறைகள். ஏறுவதற்கு வெளிப்பக்கமாக ஒரு இரும்புப் படி. முன்னறையில் காலை நேரம் சின்னப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். ஞாயிற்றுக்கிழமை அதுவே ஆராதனைக் கூடம். பின்னறையில் சமையல், படுக்கை, ஊழியரின் மேசை எல்லாம். எனக்கு முன்னறையில் இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுப் படுக்கை விரித்திருக்கிறார்கள். பிள்ளைகள் வருமுன் சுருட்டிக்கொண்டு எழுந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் என் மேலேயே உட்கார்ந்து பாடம் படித்துவிடுவார்கள்.

வாய் ஓயாது என்பதற்காக ஹாஸ்டலில் ‘ரயில்’ என்று பெயர் வைத்தோமே, அவள் மெலிந்துவிட்டாள். ஆனால் சிரிப்பு அதேதான். என்னைப் பேருந்து நிலையத்தில் கண்டதும் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். மழை தூறிக்கொண்டிருந்தது. அவளோடு இன்னொரு பெண்ணும் வந்திருந்தாள். இந்த ஊர்க்காரி, தெருமுனை மருந்தகத்தில் நர்ஸ். இரண்டு பேரும் ஒரே குடையில் வந்திருந்தார்கள். திரும்பும்போதும் அந்தக் குடையில் அவர்கள் இரண்டு பேர்தான். எனக்கு ரயிலின் கணவருடைய குடையைக் கொடுத்தார்கள். நல்ல பெரிய குடை.

அவரை நான் அண்ணன் என்றே கூப்பிடுகிறேன். தமிழ் பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் மனிதர் சாப்பாட்டைக்கூட மறந்து பேசுகிறார்.

மே மாதக் கடைசியில் வந்துவிடுவேன். ஜூனில் பள்ளியில் வேலைக்குச் சேர வேண்டுமே, மறக்கவில்லை.

அம்மாவுக்கு என் முத்தங்கள்.

உன் தங்கை


மார்ச் 2

கர்த்தருக்குள் பிரியமான பட்டதாரிக்கு,

அக்கா எழுதுவது. நலம், நலமே எழுதவும். அம்மா முழங்காலை விட்டுவிட்டு இப்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். தைலக்காரன்தான் பிழைத்தான்.

கடிதம் கிடைத்தது. தபால்காரர், “வெளிநாட்டு ஸ்டாம்ப்மா, கிழிச்சு எங்க பையனுக்குக் கொடுங்க” என்றார். நீ வந்து கொடுப்பாய் என்று சொல்லிவிட்டேன்.

பெஞ்சில் படுக்கிறாயாமே. இங்கே கட்டிலில் படுத்தே முதுகு வலிக்கிறது என்பாய். ரயில் வீட்டுப் பெஞ்சு மெத்தைபோல இருக்கும்போல. நீ ஹாஸ்டலில் இருந்தபோதும் லீவு விட்டால் பாதி நாள் அவள் வீடு, மீதி நாள்தான் நாங்கள். எனக்கென்ன, பழகிவிட்டது.

நான் தைத்துக் கொடுத்த நீலக் கோட்டு அவளுக்குப் பொருந்தியதா? அளவு தெரியாமல் குத்துமதிப்பாகத்தான் வெட்டினேன். அந்தச் சாய்ந்த பை இருக்கிறதே, அதை மூன்று தடவை பிரித்துத் தைத்தேன். அதை மட்டும் அவளிடம் சொல். மற்றது எதுவும் சொல்ல வேண்டாம்.

பள்ளிச் சீருடை தைக்கிற காலம் வந்துவிட்டது. தையல் மிஷினுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் உன் முக்காலி. கொக்கி தைக்கவும் ஓரம் மடிக்கவும் எதிர்வீட்டுப் பெண்ணை அனுப்புகிறேன் என்றார்கள். வேண்டாம் என்றேன். நீ கொக்கி தைத்துக்கொண்டே பாடப்புத்தகத்தை உரக்கப் படிப்பாய், நான் காதால் கேட்டே பாதி பட்டம் வாங்கினேன். அந்தப் பெண் என்னத்தைப் படிப்பாள். அம்மாகூட அந்த முக்காலியில் காலைத் தூக்கி வைக்கப் பார்த்தாள். வேறு பலகை போட்டுக் கொடுத்துவிட்டேன்.

பத்திரமாக இரு. வேளாவேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
உன் அக்கா


மார்ச் 23

அன்பான அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன். அம்மாவின் இடுப்பு இப்போது எப்படி? வெந்நீர் ஒத்தடம் கொடுத்துப் பார்.

கோட்டு அவளுக்கு ரொம்பப் பிடித்தது. சாய்ந்த பையைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

இந்த வீட்டு நாள் எப்படிப் போகிறது என்று கேள். விடியுமுன் கீழே போய்க் குழாயில் கேன்களில் தண்ணீர் பிடிக்க வேண்டும். அண்ணன் இரண்டு தூக்குவார், நான் ஒன்று. பிறகு ரொட்டி, தேநீர், ஜெபம். பிள்ளைகள் படியில் தடதடவென்று ஏறி வருவது கேட்டதும் ரயில் கெட்டிலை இறக்கிவிட்டுக் கொண்டையைச் சரிசெய்வாள். ஒரு பாட்டு, எழுத்து, கணக்கு. கீழே காற்றடிக்கிற பம்பின் சத்தத்துக்குச் சரியாகப் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்கிறார்கள். கடைக்காரர் டயருக்கு வேகமாக அடித்தால் இவர்களும் வேகமாகச் சொல்கிறார்கள். நான் சின்ன வகுப்பைப் பார்த்துக்கொள்கிறேன். பாஷை தெரியாமல் என்ன சொல்லிக் கொடுப்பேன் என்று பயந்தேன். கூட்டல் எல்லாப் பாஷையிலும் ஒன்றுதான் என்று அண்ணன் சொன்னார். நாலு பேருக்கு முன்னால் பேசினால் எனக்குத் தொண்டை அடைக்குமே, இங்கே அடைக்கவில்லை. தப்பாகப் பேசினால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள், நானும் சிரித்துவிடுகிறேன்.

மதியத்துக்குமேல் வீடு சந்திப்பு. யார் வீட்டிலாவது காய்ச்சல் என்றால் நர்ஸும் கூட வருவாள். நேற்றுச் சாயங்காலம் நல்ல மழை. அவள் நீலக் கோட்டுப் பைக்குள் கைகளை விட்டுக்கொண்டு படியேறி வந்தாள். செருப்பைக் கழற்றி ரயிலின் செருப்புக்குப் பக்கத்தில் விட்டாள். எப்போதும் அங்கேதான் விடுவாள். என் செருப்பு தண்ணீர்க் கேன்களுக்குப் பக்கத்தில் கிடக்கிறது.

வந்தவள் அடுப்படியில் எட்டிப்பார்த்து, “வாடி, டீ குடி” என்றாள். தமிழில்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ரயில் விழுந்து விழுந்து சிரித்தாள். “நான்தான் சொல்லிக் கொடுத்தேன். எப்படிச் சொல்றா பாத்தியா” என்றாள். நன்றாகத்தான் சொன்னாள். ரயிலை ‘டி’ போட்டுக் கூப்பிட உலகத்திலேயே நான் ஒருத்திதான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

நர்ஸ் நல்லவள். அவளைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன்.

உன் கையெழுத்தைப் பார்த்தால் வீட்டுக்கு வந்ததுபோல் இருக்கிறது. சீக்கிரம் எழுது.

உன் தங்கை


ஏப்ரல் 11

தங்கைக்கு அக்கா எழுதுவது,

இங்கே எல்லோரும் சுகம்.

சாய்ந்த பை வைத்த நீலக் கோட்டு அந்த ஊர்க் கடையிலும் விற்கிறார்களா? அதே நீலமா? நல்ல தையற்காரிதான் தைத்திருப்பாள். நர்ஸுக்குப் பொருத்தமாக இருக்கிறது என்று கேட்டுச் சந்தோஷம்.

தலைமையாசிரியை வந்திருந்தார். ஜூன் முதல் நாளே நீ சேர வேண்டுமாம். அம்மா தெரு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டாள். டீச்சரம்மா வீடு எது என்று இப்போதே கேட்கிறார்கள். நான் ‘தையற்காரம்மா வீடு’ என்று எழுதின பலகையைக் கழற்றவா என்று யோசிக்கிறேன்.

வேலை இருக்கிறது. சீருடை மலைபோல் குவிந்திருக்கிறது. கொக்கி தைக்கக் கண் தெரியவில்லை.

அக்கா


ஏப்ரல் 29

என் செல்ல அக்காவுக்கு,

நான் நலம். உன் கண் எப்படி? சாயங்கால வெளிச்சத்தில் தைக்காதே.

கோட்டு விஷயத்தில் கோபப்படாதே. அது ரயிலுக்குத் தொளதொளவென்று நின்றது. தோள் இறங்கிவிட்டது. கண்ணாடி முன்னால் நின்று, “என்னடி, நான் கோட்டுக்குள்ள காணாமப் போயிட்டேன்” என்று சிரித்தாள். மறுநாள் நர்ஸ் மழையில் நனைந்து வந்தபோது எடுத்துப் போர்த்திவிட்டாள், அவ்வளவுதான். உனக்குச் சொல்ல மனம் வரவில்லை. எனக்கே அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அக்கா தைத்ததை இன்னொருத்தி போட்டுக்கொண்டு என் முன்னாலேயே நடமாடினால் எப்படி இருக்கும்.

இப்போது ஒரு செய்தி. அண்ணன் என்னிடம், “நீங்க ஒரு வருஷம் இங்கேயே இருந்து பள்ளிக்கூடத்தைப் பாத்துக்க முடியுமா?” என்று கேட்டார். நீங்க என்று கேட்டார், அக்கா. நம் வீட்டில் யாரையும் யாரும் அப்படிக் கேட்டதில்லை. நான் இன்னும் பதில் சொல்லவில்லை. ஹாஸ்டல் கூட்டத்தில் ஊழியத்துக்கு வருகிறவர்கள் எழுந்து நிற்கலாம் என்று சொன்னபோது ரயில் எழுந்தாள். நான் எழலாமா என்று யோசித்து முடிப்பதற்குள் கூட்டம் முடிந்துவிட்டது. அதை நான் அவளிடம்கூடச் சொன்னதில்லை. உன்னிடம் சொல்கிறேன். நீ என்ன சொல்கிறாயோ அதைப் பொறுத்து முடிவு.

இன்னொன்றும் இருக்கிறது. நேற்று மொட்டைமாடியில் போர்வைகளைப் பிழிந்து கயிற்றில் போட்டுக்கொண்டிருந்தோம். ரயில் ஒரு முனை, நான் ஒரு முனை. திடீரென்று, “உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். பிரசங்கம் பண்ணக் கூடாது” என்றாள்.

“சொல்லு.”

“எனக்கு ஜெபம் வரலடி. கண்ண மூடினா வெறும் இருட்டுதான். யாருமில்லாத வீட்டுக் கதவத் தட்டிட்டே நிக்கற மாதிரி இருக்கு.”

“எப்பருந்து?”

“போன வருஷத்துலருந்து. வாய அசைக்கறேன். ஆமென் சொல்றேன். பாட்டு மட்டும் நல்லா வருது.”

“அண்ணனுக்குத் தெரியுமா?”

“தெரிஞ்சா எனக்காக உபவாசம் இருந்துடுவாரு. ஏற்கெனவே எலும்பா இருக்காரு.” சிரித்தாள். பிறகு போர்வைக்குப் பின்னால் போய்விட்டாள். மறுபக்கத்திலிருந்து மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

“வேற யாருக்குமே தெரியாதா?” என்று கேட்டேன். இல்லை என்பாள் என்று நினைத்தேன்.

“நர்ஸுக்குத் தெரியும்” என்றாள்.

நர்ஸுக்குத் தெரியும். அவளுக்கு ஆறு மாதமாகத் தெரியுமாம். அவள் ஒன்றும் சொல்லவில்லையாம், தினமும் வந்து பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாளாம்.

வெளிநாட்டு ஊழியம் என்று நாமெல்லாம் அண்ணாந்து பார்த்த வீட்டின் உள்பக்கம் இப்படி இருக்கிறது. அவளும் நம்மைப்போலத்தான், அக்கா. இதை எழுதும்போது கை ஏனோ வேகமாக ஓடுகிறது. நீ அவளுக்காக ஜெபித்துக்கொள்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
தங்கை


மே 17

அன்புள்ள அக்கா,

சுகமா? அம்மா சுகமா? உன்னிடமிருந்து கடிதம் இல்லை. தபால்காரர் வரும் நேரத்துக்குச் சைக்கிள் கடை வாசலில் போய் நிற்கிறேன். கடைக்காரர் ஒவ்வொரு நாளும் கையை விரித்துக் காட்டுகிறார். பாஷை தெரியாவிட்டாலும் அது புரிகிறது.

அண்ணன் மறுபடி கேட்டார். வாய் தானாகச் சரி என்று சொல்லிவிட்டது. ரயில் கெட்டிலைக் கையில் வைத்துக்கொண்டே என்னைச் சுற்றிச் சுற்றி வந்தாள். தரையெல்லாம் தண்ணீர். “இனிமே இவதான் எனக்குப் பெஞ்சு மேட்டு” என்று நர்ஸிடம் சொன்னாள், இரண்டு பாஷையிலும். நர்ஸ் சிரித்தாள், ஆனால் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தாள். அன்றைக்கு என் செருப்பை எடுத்து ரயிலின் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். உன்னிடம் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

ஒரு வருஷம்தான், அக்கா. தலைமையாசிரியையிடம் நீ பேசுவாய்தானே? திட்டியாவது எழுது.

உன் தங்கை


மே 20

என் அருமைத் தங்கைக்கு,

சமாதானமும் சுகமும் உனக்கு உண்டாகட்டும். ஏப்ரல் கடிதம் வந்து பல நாள் ஆகிறது. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. எனக்குக் கோட்டு விஷயத்தில் வருத்தமே இல்லை. மழைக்கு யார் போட்டால் என்ன.

உன் தோழியைப் பற்றி வாசித்து மனம் உடைந்துபோனேன். பாவம், எவ்வளவு பாரம். நீ கேட்டுக்கொண்டபடி ஜெபித்தோம். சபையின் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் எல்லோரும் முழங்கால்படியிட்டு ஜெபித்தோம். போதகரம்மா அழுதுவிட்டார். “அந்தப் பிள்ளை வீட்டுக்கு வந்து கொஞ்ச நாள் இளைப்பாறினாத்தான் சரியாகும்” என்றார். எனக்கும் அதுவே சரியென்று பட்டது. அவள் வந்துவிட்டால் நீயும் அங்கே தனியாக இருக்க வேண்டியதில்லை.

உன் அறையை வெள்ளையடித்திருக்கிறேன். முக்காலியின் ஒரு கால் ஆடிக்கொண்டிருந்தது, ஆணி அடித்து வைத்திருக்கிறேன்.

மிகுந்த அன்புடன்,
உன் அக்கா


ஜூன் 8

அக்காவுக்கு,

அம்மாவின் உடம்பு எப்படி?

உன் கடிதம் வந்த அன்றே சபையிலிருந்து அண்ணனுக்கும் ஒன்று வந்தது. காலைச் சாப்பாட்டில் அவர் அதை உரக்க வாசிக்க ஆரம்பித்தார். சபைக் கடிதம் என்றால் எப்போதும் எல்லோருக்கும் வாசித்துக் காட்டுவார். “உம்முடைய மனைவியார் ஜெபிக்கக்கூடாமல் இருக்கிறதைக் கேள்விப்பட்டு, சபையார் மிகுந்த பாரத்தோடு…” அந்த இடத்தில் நிறுத்தினார். மறுபடி முதலிலிருந்து வாசித்தார், இந்தத் தடவை மனதுக்குள்.

“இது என்ன?” என்று கேட்டார்.

ரயில் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, “உண்மைதான்” என்றாள்.

“எங்கிட்டச் சொல்லலையே.”

“சொல்லியிருக்கணும்.”

அதற்குள் பிள்ளைகள் படியேறிவிட்டார்கள். அவள் கொண்டையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். மதியம்வரை பாடம் எடுத்தாள், பாட்டும் சொல்லிக் கொடுத்தாள். நான் சின்ன வகுப்பில் இரண்டும் மூன்றும் ஏழு என்று எழுதியிருந்திருக்கிறேன். பிள்ளைகள் சிரித்தபோதுதான் கவனித்தேன்.

அவள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானே போய்ச் சொன்னேன். “அக்காவை ஜெபிக்கச் சொன்னேன், அவ்வளவுதான்” என்றேன்.

“தெரியும். ஜெபிக்கத்தான் சொல்லியிருப்ப” என்றாள். என்னைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தாள். ‘டி’ சொல்லவில்லை.

சாயங்காலம் நர்ஸ் வந்தாள். ரயில் அவளிடம் பின்னறையில் ஏதோ பேசினாள். கொஞ்ச நேரம் கழித்து நர்ஸ் வெளியே வந்து, கோட்டைக் கழற்றி, நான்காக மடித்து, என் பெஞ்சின்மேல் வைத்துவிட்டு மழையிலேயே இறங்கிப் போனாள்.

அண்ணனையும் ரயிலையும் இளைப்பாற ஊருக்குத் திரும்பி வரச் சொல்லிச் சபைக் கடிதத்தில் உத்தரவு. எப்போது மறுபடி அனுப்புவார்கள் என்று அதில் இல்லை. அண்ணன் மேசையைச் சுத்தம் செய்ய ஆரம்பித்துவிட்டார். இப்போது இரவு ஜெபத்தில் அவர் மனைவி பெயரைச் சொல்வதே இல்லை. மற்ற எல்லோருக்காகவும் ஜெபிக்கிறார்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். ஐக்கியத்தில் சொல்லும்போது உனக்குத் தெரியாதா?

தங்கை


ஜூன் 27

என் தங்கைக்கு,

நாங்கள் சுகம் என்று எழுதுவது வழக்கம். எழுதிவிட்டேன்.

நீதானே ஜெபிக்கச் சொன்னாய். எனக்குத் தனியாக ஜெபிக்க வராது என்று உனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். கண்ணை மூடினால் எவளுக்கு எத்தனை கஜம் என்றுதான் ஓடும். நாலு பேரோடு சேர்ந்தால்தான் எனக்கு வரும். அது தெரிந்துதானே எழுதினாய்.

பெயரைச் சொல்லவே இல்லை. ‘தூர தேசத்தில் இருக்கிற ஒரு சகோதரி’ என்றுதான் சொன்னேன். நம் சபைக்குத் தூர தேசத்தில் எத்தனை சகோதரிகள் என்று நீ கேட்பாய். கேள்.

எனக்குத் தெரியாதா என்கிறாய். உனக்குத் தெரியாதா? கை வேகமாக ஓடுகிறது என்று நீயே எழுதியிருந்தாய். அந்த வரியை நான் ஐக்கியத்தில் வாசிக்கவில்லை.

மே முப்பத்தொன்று அன்று அம்மா காலையிலேயே குளித்துவிட்டு வாசலில் உட்கார்ந்தாள். நீ வரமாட்டாய் என்று உன் கடிதம் வந்து சேராத நேரம். நான் தெருமுனைவரை போய்ப் பார்த்துவிட்டு, நூல் வாங்க வந்ததாக நூலும் வாங்கிக்கொண்டு திரும்பினேன். தலைமையாசிரியை பாதி மாதம்வரை பொறுத்துப் பார்த்தார். இப்போது வேறு ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள். எனக்குத்தான் அவளுடைய சேலைக்கு ஓரம் அடிக்கக் கொடுத்திருக்கிறார்கள்.

அவர்களோடு நீயும் கிளம்பி வந்துவிடு. வேலை வேறு கிடைக்கும்.

அக்கா


ஜூலை 30

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

நீ எழுதியதை வாசித்தேன். அந்த வரியை நான் எழுதியது உண்மை.

போன செவ்வாய்க்கிழமை அவர்கள் கிளம்பினார்கள். பிள்ளைகள் படி முழுக்க நின்றார்கள். அண்ணன் ஒவ்வொரு பெஞ்சையும் ஒருமுறை தொட்டுவிட்டுப் போனார். ரயில் என்னிடம் சாவியைக் கொடுத்து, “கெட்டில் மூடி சரியா ஒக்காராது, துணி வச்சு அழுத்து” என்றாள். நர்ஸைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றாள். பிறகு என்னையும் கட்டிக்கொண்டாள்.

நான் வரவில்லை, அக்கா. வேறு ஆள் அனுப்பும்வரை பள்ளிக்கூடத்தை மூடாமல் இருக்க ஒருவர் வேண்டும். சபைக்கு எழுதினேன், ஒத்துக்கொண்டார்கள். உன்மேல் இருக்கிற கோபத்தில் செய்ததாக நினைக்காதே. கோபமும் கொஞ்சம் இருக்கிறது.

அந்த இரண்டு அறைகளும், கெட்டிலும், மொட்டைமாடிக் கயிறும், பிள்ளைகளும் இப்போது என்னிடம்தான் இருக்கின்றன. வந்த நாளிலிருந்து எதையெல்லாம் பார்த்துப் பார்த்து ஏங்கினேனோ, அதெல்லாம். காலையில் ஒற்றை ஆளாக மூன்று நடை தண்ணீர் தூக்குகிறேன்.

நர்ஸ் முதலில் வரவில்லை. முந்தாநாள் ஒரு பிள்ளைக்குக் காது வலி என்று கூப்பிட்டனுப்பினேன். வந்து மருந்து விட்டாள். போகும்போது வாசலில் தயங்கி நின்று, “டீ குடி” என்றாள். ‘வாடி’ ரயிலுக்கு மட்டும்தான்போல. நான் டீ போட்டேன். இரண்டு பேரும் படியில் உட்கார்ந்து குடித்தோம். அவளுக்கு ரயிலைத் தேடுகிறது. எனக்கும்.

கோட்டை நான்தான் போட்டுக்கொள்கிறேன். தோளும் கையும் இழைத்ததுபோல் இருக்கின்றன. யாருடைய அளவுக்கு வெட்டினாய் என்று போட்டுப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

உன் தங்கை


செப்டம்பர் 14

என் கண்ணான தங்கைக்கு,

நலம். அம்மா இடுப்பை விட்டுவிட்டு மறுபடி முழங்காலுக்கு வந்துவிட்டாள். நீ தண்ணீர் தூக்கும்போது முதுகை வளைக்காமல் தூக்கு.

உன் தோழி இங்கே நம் சபைக் கோயிலுக்குப் பின்னால் இருக்கிற வீட்டில் இருக்கிறாள். முதல் மாதம் வெளியே வரவே இல்லை. வந்தால் ஆளாளுக்குத் தலையில் கை வைத்து ஜெபிக்கிறார்கள். ஒரு நாள் என் வாசலில் வந்து நின்றாள். “ரவிக்கையெல்லாம் தொளதொளன்னு ஆயிடுச்சு அக்கா, பிடிச்சுத் தரீங்களா?” என்றாள்.

உள்ளே கூப்பிட்டு நிறுத்தி, இரண்டு பக்கமும் பிடித்துக் குண்டூசி குத்தினேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் இருந்தேன். வாய் நிறையக் குண்டூசி. ஒவ்வொன்றாக எடுத்துக் குத்திக்கொண்டே வந்தேன். கடைசி ஊசியும் தீர்ந்ததும் வாயைத் திறந்தேன். அதற்குள் அவள், “இங்க நல்லா இருக்கு அக்கா. மிஷின் சத்தத்துல யாரும் ஒண்ணும் கேக்கறதில்ல” என்றாள். நான் வாயை மூடிக்கொண்டேன். அன்றைக்கு அவள் சாயங்காலம்வரை போகவில்லை.

இப்போது தினமும் வருகிறாள். சும்மா இருக்கக் கை வரவில்லை என்று கொக்கி தைக்க ஆரம்பித்தாள். நெருக்கமாகத் தைக்கிறாள், உன்னைவிட நெருக்கம். சொன்னால் கோபித்துக்கொள்ளாதே. பேச்சு மறுபடி வந்துவிட்டது. அடேயப்பா, அந்தப் பெயரை நீங்கள் காரணத்தோடுதான் வைத்திருக்கிறீர்கள். அம்மா பகல் தூக்கத்தை விட்டுவிட்டுக் கதை கேட்கிறாள். உங்கள் ஹாஸ்டல் கதையெல்லாம் எனக்கு இப்போதுதான் தெரிகிறது. நீ கூட்டத்தில் எழுந்திருக்காமல் உட்கார்ந்துவிட்டதைக்கூடச் சொன்னாள். பக்கத்திலேயே இருந்தவளுக்குத் தெரியாமலா இருக்கும். நீ வருவாய் என்று அவளுக்கு அன்றைக்கே தெரியுமாம்.

நாங்கள் ஜெபம்கிபம் ஒன்றும் செய்வதில்லை. அவளும் கேட்பதில்லை, நானும் கேட்பதில்லை. நேற்று அவளாகவே ஒரு பாட்டை முணுமுணுத்தாள். நான் மிஷினை நிறுத்தவில்லை, மெதுவாக மிதித்தேன்.

ஐக்கியத்துக்கு நான் இப்போது போவதில்லை.

எப்போது வருவாய் என்று கேட்கமாட்டேன். மழைக்குக் கோட்டைப் போட்டுக்கொள். பை கிழிந்தால் சாய்வாகவே தைக்க வேண்டும், நேராக இழுத்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அக்கா


அக்டோபர் 8

என் அன்பு அக்காவுக்கு,

இங்கே நான் சுகம். நர்ஸும் உங்களையெல்லாம் விசாரித்தாள். அம்மாவின் முழங்காலுக்கு அவள் ஒரு களிம்பு கொடுத்திருக்கிறாள், இத்துடன் அனுப்புகிறேன்.

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். அவள் பேசுகிறாள், பாடுகிறாள் என்றதும் அழுகை வந்துவிட்டது. நர்ஸுக்கு என் அரைகுறைப் பாஷையில் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். உண்மையிலேயே சந்தோஷம், அக்கா. அவளிடமும் சொல்.

நீ எல்லாவற்றையும் எழுதியிருக்கிறாய். குண்டூசி, பாட்டு, அம்மாவின் தூக்கம், எனக்குத் தெரியாமல் அவளுக்குத் தெரிந்திருந்தது, எல்லாம். அவள் எதில் உட்கார்ந்து கொக்கி தைக்கிறாள் என்பதை மட்டும் எழுதவில்லை.

பதில் எழுதும்போது அதை எழுத வேண்டாம்.

உன் தங்கை